ஆர்க் வெல்டிங்: ஸ்விட்ச் போடுவதற்கு முன்பிருந்து ஷட்டர் இறக்கிய பின் வரை

கிரில், கேட், ஷெட் வேலை பழக வருகிறவர்களுக்கு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் முதல் பயம் வரும். அது நியாயமான பயம்தான். ஆனால் பட்டறையில் பெரிய அடி விழுவது பெரும்பாலும் ஆர்க், அதாவது வெல்டிங் ராடின் நுனியில் எரியும் மின்பொறி, எரியாத நேரத்தில். ராடு மாற்றும்போது ஷாக் அடிக்கும். ஒட்டின் மேல் ஓடு மாதிரி படியும் கசடைத் தட்டும்போது கண்ணில் துகள் போகும். எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு மூலையில் கிடந்த சாக்கு புகைய ஆரம்பிக்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பின் புகையால் வரும் காய்ச்சலும், வெளிச்சம் பட்ட கண்ணின் எரிச்சலும் ராத்திரி படுத்த பிறகுதான் தெரியும்.

அதனால் இந்த வழிகாட்டி வேலை நடக்கிற வரிசையிலேயே போகிறது. மெஷினை ஆன் செய்வது இதில் எட்டாவது படி. புதியவர்கள் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். மெஷின் உறுமிக்கொண்டிருக்கும்போதே கிளாம்பைத் தேடுவார்கள், கேபிளை இழுப்பார்கள், கிளவுஸ் எங்கே என்று பார்ப்பார்கள்.

இங்கே சொல்வது ராடு வைத்து அடிக்கும் சாதாரண ஆர்க் வெல்டிங்கைப் பற்றி. 6013 ராடு, 2.5 அல்லது 3.15 மி.மீ. கனம், அதாவது பட்டறைப் பேச்சில் 12 கேஜும் 10 கேஜும். மெஷின் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டராகவோ பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகையாகவோ இருக்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: வெல்டிங் ஹெல்மெட் அல்லது ஹேண்ட் ஷீல்டு, அதற்குள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் வெள்ளைக் கண்ணாடி, முழங்கை வரை வரும் தோல் கிளவுஸ் இரண்டு ஜோடி, தோல் ஷூ, காட்டன் முழுக்கை சட்டை, தோல் ஏப்ரன், மாஸ்க், ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பக்கெட் மணல், பவுடர் வகை தீயணைப்பான். இவை சேரும்வரை வேலையை ஆரம்பிக்காதீர்கள். பாதியில் எழுந்து போய் யாரும் ஏப்ரன் மாட்டிக்கொண்டு வருவதில்லை.

1. ஜாப் என்ன என்று பாருங்கள்

ஒட்ட வேண்டிய பொருளை முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மற்ற எல்லா ஏற்பாடும் அதைப் பொறுத்தே மாறும்.

வெறும் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) இரும்பு என்றால் பெரிய சிக்கல் இல்லை. பெயின்ட், ரெட் ஆக்சைடு, கிரீஸ் ஏதாவது இருந்தால் ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் விரல் நீளத்துக்காவது கிரைண்டர் போட்டு எடுத்துவிடுங்கள். பெயின்ட் எரியும் புகை ராடின் புகையைவிட மோசம். பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம்.

பிரேக் கிளீனர் மாதிரி ஸ்பிரே அடித்துத் துடைத்த பாகத்தில் கவனம். அவற்றில் சில வகைகளில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அதன் ஆவி ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதா ஒளியிலும் சிதைந்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். அடைத்த இடத்தில் கொஞ்சம் சுவாசித்தாலும் நுரையீரல் கெட்டுப்போகும். டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அந்தப் பாகத்தின் மேல் ஆர்க் போடாதீர்கள். கம்பி பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும், துடைத்து நன்றாகக் காயவைத்த பிறகு அடிக்கலாம்.

அப்புறம் காலி டிரம். "உள்ளே ஒன்றுமில்லை, காலிதான்" என்று சொல்லி டீசல் டேங்கையும் தின்னர் பீப்பாயையும் கொண்டுவருவார்கள். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் வெடிக்கும். எரிவது திரவம் இல்லை, காற்றோடு கலந்த ஆவி. அடியில் ஒட்டியிருக்கும் சொட்டு எண்ணெயும் தையலில் ஊறிய மிச்சமும் சூடானதும் ஆவியாகிவிடும். தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டால் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். பழகுகிறவர்கள் இந்த வேலையை வாங்கவே கூடாது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

இரண்டு முனையும் அடைபட்ட பைப்பும் இதே ஜாதிதான். உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து, உருகிய தையலைப் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். மறைவான பக்கத்தில் சின்ன ஓட்டை ஒன்று போட்டுவிட்டு அடியுங்கள், கடைசியில் அதை அடைத்துக்கொள்ளலாம்.

2. இடத்தைக் காலி செய்யுங்கள்

பொறி நீங்கள் நினைப்பதைவிட வெகுதூரம் போகும். தீத்தடுப்பு விதிகளில் சொல்லப்படும் கணக்கு சுமார் 11 மீட்டர். அந்த வட்டத்துக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. நகர்த்த முடியாததைத் தகர ஷீட் போட்டு மூட வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினால் அது உருகி எரியும்.

தரையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. பொறி உருளும். ஷட்டருக்கு அடியில், கதவு இடுக்கில், தரை ஓட்டையில் புகுந்து மறுபக்கம் போய் விழும். வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி ஒட்டும் வேலையில் இதை நிறையப் பார்க்கலாம். மேலே இருப்பவர் தன் காலடியைச் சுத்தமாகப் பெருக்கியிருப்பார். பொறி மட்டும் பிளம்பர் போட்டுவைத்த ஓட்டை வழியாகக் கீழ்த்தளத்துக்குப் போய், அங்கே தச்சர் குவித்துவைத்த மரத்தூளில் மெல்ல ஊறிக்கொண்டிருக்கும். மரத்தூள், தென்னை நார், பஞ்சு, சோஃபா ஸ்பாஞ்ச், தெர்மகோல் எதிலும் பொறி விழுந்தால் உடனே தீ தெரியாது. அது உள்ளே கனிந்து வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வரும்.

சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்றும் எட்டிப் பாருங்கள். ஜன்னல் கிரில் ஒட்டும்போது மறுபக்கம் திரைச்சீலையோ மெத்தையோ இருக்கும். சமையலறை ஜன்னல் என்றால் கேஸ் சிலிண்டரை வெளியே கொண்டுபோய் வைத்த பிறகுதான் வேலை.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டுவதும் இந்தப் படியில்தான். ஆரம்பித்த பிறகு உங்களுக்கு எதுவும் தெரியாது, ஹெல்மெட்டுக்குள் உலகம் ஒரு விரற்கடை அகலம்தான். ரோட்டோரப் பட்டறை என்றால் மறைப்புக்கு ஒரு தகரத்தட்டி நிறுத்துங்கள்.

3. மெயின் லைனும் மெஷின் பாடியும்

மெஷினுக்குப் போகும் லைன் 230 வோல்ட். பழைய டூ ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் என்றால் 415 வோல்ட். ஆளைக் கொல்லுவதில் இந்தப் பக்கம்தான் முந்தி நிற்கிறது.

பிளக் இல்லாமல் ஒயர் நுனியைச் சீவி சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் சொருகுவதைச் சைட்டில் தினமும் பார்க்கலாம். அப்படிச் செய்யும்போது பச்சை ஒயரை, அதாவது பாடி எர்த்தை, பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மெஷின் அது இல்லாமலும் ஓடும், அதனால் யாருக்கும் உறுத்தாது. உள்ளே ஒரு ஒயர் தேய்ந்து பாடியைத் தொட்ட அன்று, மெஷினை நகர்த்தக் கை வைப்பவர் மேல் கரன்ட் பாயும்.

செய்ய வேண்டியது இதுதான். மூன்று ஒயரும் உள்ள கேபிள், மெஷினின் தட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு ஏற்ற இண்டஸ்ட்ரியல் பிளக், அதற்கேற்ற எம்சிபி (லோடு மீறினால் லைனை வெட்டும் ஸ்விட்ச்), கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் வெட்டும் டிரிப்பர்). வீட்டு எக்ஸ்டென்ஷன் பெட்டி இதற்கு ஆகாது. ரீல் கேபிள் என்றால் முழுவதையும் பிரித்து விடுங்கள். சுற்றியபடியே ஓடவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும்.

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆர்சிசிபி மெயின் லைன் பக்கத்தில் கசிவு வந்தால்தான் டிரிப் ஆகும். ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பக்கம் டிரான்ஸ்ஃபார்மரால் தனியாகப் பிரிக்கப்பட்டது. ஹோல்டரைத் தொட்டு ஷாக் வாங்கினால் ஆர்சிசிபி அசையாது. "டிரிப்பர் இருக்கிறது, பயமில்லை" என்ற பேச்சு பாதிதான் உண்மை.

4. கேபிள், ஹோல்டர், எர்த் கிளாம்ப்

மெஷினை ஆன் செய்யாமல் ஹோல்டரிலிருந்து மெஷின் வரை கேபிளைக் கையால் உருவிப் பாருங்கள். வெடிப்பு, உருகல், செம்பு தெரியும் இடம் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு முறையான ஜாயின்ட் போட வேண்டும். டேப் சுற்றுவது ஒரு நாளுக்குக்கூடத் தாங்காது, சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். ஹோல்டரின் தாடைக்கு மேல் இருக்கும் இன்சுலேஷன் உடைந்து பித்தளை தெரிந்தால் ஹோல்டரை மாற்றுங்கள். விலை சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது கிளாம்ப். இதை எல்லோரும் எர்த் என்று கூப்பிடுவதால் ஒரு பெரிய குழப்பம். இது மேலே சொன்ன பாடி எர்த் இல்லை. ராடு வழியாகப் போன கரன்ட் மெஷினுக்குத் திரும்பி வரும் பாதை. அதில் 100 ஆம்பியருக்கு மேலும் ஓடும்.

அதனால் கிளாம்பை ஒட்டும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், துருவும் பெயின்டும் சுரண்டிய வெறும் இரும்பில் போடுங்கள். கேபிள் எட்டவில்லை என்று தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடக் கம்பியில் மாட்டினால், கரன்ட் தனக்குக் கிடைத்த வழியில் எல்லாம் போகும். இடையில் எங்காவது லூசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு சூடாகிப் பொறி விடும், நீங்கள் பார்க்காத இடத்தில். வீட்டு வயரிங்கின் எர்த் கம்பி வழியாகப் போனால் அதுவே உருகிப்போகும். அதன் பிறகு அந்த வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார் எதற்கும் எர்த் இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

வண்டி வேலையும் அப்படித்தான். கிளாம்ப் ஒரு பக்கம், ஒட்டுவது மறுபக்கம் என்றால் நடுவில் இருக்கும் பேரிங் கெட்டுவிடும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியில் கை வைக்க வேண்டும்.

5. உடுப்பு

காட்டன் மட்டும். பாலியெஸ்டர் கலந்த துணி பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும், உரித்தால் தோலோடு வரும். லுங்கியும் ரப்பர் செருப்பும் பட்டறைச் சீருடை மாதிரி ஆகிவிட்டன. உருகிய சொட்டு ஒன்று கால்விரல் இடுக்கில் விழுந்தால் கையில் ஆர்க்கோடு துள்ளுவீர்கள், அந்தத் துள்ளலில் ராடு யார் மேல் படும் என்று சொல்ல முடியாது.

பேன்ட் ஷூவுக்கு மேலே விழ வேண்டும், ஷூவுக்குள் சொருகக் கூடாது. கால் மடிப்பை அவிழ்த்துவிடுங்கள். சட்டையின் மேல் பட்டனைப் போடுங்கள். கழுத்துக்குக் கீழே முக்கோணமாகக் கறுத்துத் தோல் உரிந்திருக்கிறதா என்று பார்த்தால் வெல்டரைக் கண்டுபிடித்துவிடலாம். பையில் லைட்டர் வேண்டாம். மோதிரம், கயிறு, செயின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். உலோகம் குறுக்கே தொட்டால் நொடியில் பழுத்துவிடும்.

கிளவுஸ் ஏன் இரண்டு ஜோடி? சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்தில் உள்ளே வியர்வையில் ஊறிவிடும். ஈரத் தோல் கரன்டைத் தடுக்காது. ஒன்று கையில், ஒன்று வெயிலில் என்று மாற்றிக்கொண்டே இருங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மெஷின் பக்கம் வருமுன் தங்கள் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

6. கண்ணும் முகமும்

2.5, 3.15 மி.மீ. ராடுகளுக்கு 10ஆம் எண் கண்ணாடி சரியாக இருக்கும். 4 மி.மீ. ராடில் 150 ஆம்பியருக்கு மேல் போனால் 11 அல்லது 12. கடையில் "கருப்புக் கண்ணாடி" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கூலிங் கிளாஸ் கண்ணைக் காக்காது. கண்ணாடி விளிம்பைச் சுற்றி வரும் ஒளியே போதும், கண்ணைச் சுட.

ஆட்டோ டார்க் ஹெல்மெட் வாங்கினால் ஒவ்வொரு நாளும் சோதியுங்கள். டெஸ்ட் பட்டன் இருந்தால் அழுத்திப் பார்க்கலாம். முன்பக்கம் சிறு புள்ளிகள் மாதிரி இருப்பவை சென்சார்கள். அவற்றின் மேல் பொறி படிந்து மூடியிருந்தாலோ, குறுக்கே ஒரு பைப் மறைத்தாலோ கண்ணாடி கருக்காது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைத் துடைத்து, மங்கியதும் மாற்றிவிடுங்கள். சரியாகத் தெரியாதபோது எல்லோரும் முகத்தைப் புகைக்குள் கொண்டுபோகிறார்கள்.

இனி மிகப் பழைய பழக்கம் ஒன்று: கண்ணை மூடிக்கொண்டு டாக், அதாவது பட்டை நகராமல் இருக்கப் போடும் சின்ன ஒட்டு, வைப்பது. ஒரு கையில் பட்டை, ஒரு கையில் ஹோல்டர், ஷீல்டு பிடிக்க மூன்றாவது கை இல்லை. முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கி மூடி, டக்கென்று ஒரு தட்டு. கண்ணைத் திறக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் நொடியில் ஒரு பங்கு முந்தும். ஒரு கேட்டுக்கு நூறு டாக் இருந்தால் அத்தனையும் கண்ணில் கூட்டிக்கொண்டே போகும். கன்னத்துத் தோலும் சுடும். தலையில் மாட்டும் ஹெல்மெட்டை வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

பட்டை பிடிக்கும் உதவியாளரை மறந்துவிடாதீர்கள். வெல்டர் ஹெல்மெட்டுக்குள் இருப்பார், பிடித்துக்கொண்டிருக்கும் பையன் வெறுங்கண்ணோடு இருப்பான். அவனுக்கும் ஹெல்மெட், அவனுக்கும் கிளவுஸ். வெள்ளை அடித்த சுவரும் அலுமினிய ஷீட்டும் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதால் முதுகைக் காட்டி நின்றாலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

7. புகை

2017இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. எந்த ராடு, எந்த இரும்பு என்று அதில் விதிவிலக்கு இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடிப்பவர்கள் கூடுதலாகப் பயப்பட வேண்டும், அந்தப் புகையில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இருக்கிறது.

முதல் காரியம் தலையை வைக்கும் இடம். புகை நேராக மேலே எழும். குனிந்து ஜாப்புக்கு நேர் மேலே முகத்தை வைத்தால் அத்தனையும் ஹெல்மெட்டுக்குள் புகும். பக்கவாட்டில் உட்காருங்கள். ஜாப்பைத் திருப்பி வைக்க முடிந்தால் திருப்புங்கள்.

ஃபேனை முதுகுக்குப் பின்னால் வைப்பது தவறு. உங்கள் உடம்பைச் சுற்றிவரும் காற்று முன்பக்கம் சுழன்று, புகையை முகத்துக்கே கொண்டுவரும். பக்கத்திலிருந்து குறுக்கே வீசும்படி வையுங்கள்.

கர்சீப் கட்டுவதால் பலன் இல்லை, துகள்கள் அவ்வளவு நுண்ணியவை. குறைந்தபட்சம் என்95 மாஸ்க் வேண்டும். அதுகூடத் துகளைத்தான் தடுக்கும், வாயுவை இல்லை.

ஜிஐ பைப்பில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருகுவதோ 1,500 டிகிரிக்குப் பக்கத்தில். ஆக இரும்பு உருகும் முன்பே பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து நாக்கில் உலோகச் சுவை, குளிர், நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. ஒன்றிரண்டு நாளில் போய்விடும், மழையில் நனைந்த காய்ச்சல் என்று நினைத்துவிடுவார்கள். தினமும் அடித்தால் உடம்பு பழகியது மாதிரி இருக்கும். ஞாயிறு லீவு விட்டுத் திங்கள் அடித்தால் மறுபடி வரும். பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, திறந்தவெளியில், காற்று வரும் பக்கம் உட்கார்ந்து அடியுங்கள். பைப்பின் உட்பூச்சு எப்படியும் எரியும் என்பதால் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது.

புகைக்கு மருந்து என்று சொல்லிச் சாப்பிடும் வெல்லம், வாழைப்பழம், பால் எதுவும் நுரையீரலுக்குள் போனதை வெளியே எடுக்காது. பசிக்குச் சாப்பிடுங்கள்.

8. இப்போது ஸ்விட்ச்

கிளாம்ப் மாட்டியாயிற்று, கேபிள் பிரித்தாயிற்று, கிளவுஸ் கையில். ஹோல்டரில் ராடு இல்லாமல், அதை உலர்ந்த மரப்பலகை மேலோ கொக்கியிலோ வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஜாப் மேல் போட்டபடி ஆன் செய்தால் முதல் நொடியிலேயே ஷார்ட் ஆகிப் பொறி கிளம்பும்.

2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15க்கு 90 முதல் 130. பாக்கெட்டில் எழுதியிருப்பதே சரியான அளவு. ஆம்பியரைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று கூட்டுவார்கள். அப்போது தெறிப்பும் புகையும் சேர்ந்தே கூடும்.

"கண்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை இறக்குங்கள். முதல் டாக்கைத் தனி இரும்புத் துண்டில் போட்டுப் பாருங்கள். ராடு ஒட்டிக்கொண்டால் பதறி இழுக்காமல் பக்கவாட்டில் முறுக்குங்கள். வரவில்லையா, ஹோல்டரின் பிடியை அழுத்தி ராடை விடுவியுங்கள். அப்போதும் ஹெல்மெட் இறங்கியே இருக்கட்டும், விடுபடும் நொடியில் ஆர்க் அடிக்கும்.

9. ராடு மாற்றும் இடைவெளி

ஆர்க் எரியும்போது ராடுக்கும் ஜாப்புக்கும் நடுவே 25 வோல்ட் மாதிரிதான் இருக்கும். ஆர்க் அணைந்ததும் அது 60 முதல் 80 வோல்ட் வரை ஏறிவிடும். வெளிச்சம் போய்விட்டது, வேலை நின்றுவிட்டது என்று உடம்பு தளரும் நேரத்தில்தான் ஹோல்டரில் மின்னழுத்தம் அதிகம். பழைய ஏசி மெஷினில் இந்த ஆபத்து டிசியைவிடக் கூடுதல்.

80 வோல்ட் ஆளைக் கொல்லுமா என்று கேட்பார்கள். உலர்ந்த கையில் சுரீரென்று இழுத்துவிட்டுப் போகலாம். வியர்வையில் நனைந்த சட்டையோடு இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து, வெறுங்கையால் ராடைச் சொருகினால் கொல்லும்.

பழகும் பையன் ராடு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மெல்லிய ராடைக் கட்டிலிருந்து உருவ கிளவுஸ் தடையாக இருக்கிறது என்று வலது கிளவுஸைப் பல்லால் கடித்துக் கழற்றுவான். இடது கையில் இருக்கும் ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்வான். இப்போது ஒரு முனை அக்குளில், மறு முனையான ஜாப் அவன் முழங்காலுக்குக் கீழே. நடுவில் இதயம்.

கிளவுஸ் போட்ட கையாலேயே மாற்றுங்கள். ராடுகளை முதலிலேயே கட்டிலிருந்து பிரித்து நிற்கவைக்கும் டப்பாவில் போட்டால் கிளவுஸோடு எடுக்க வரும். காலடியில் உலர்ந்த பலகையோ ரப்பர் மேட்டோ இருக்கட்டும். ஹோல்டர் சூடானால் தண்ணீரில் முக்காதீர்கள். கேபிளைத் தோளிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். ஹோல்டரைக் கீழே வைப்பதாக இருந்தால் துண்டு ராடைக் கழற்றி மணல் டப்பாவில் போட்ட பிறகு வையுங்கள். தரையில் வீசிய துண்டு பழுக்கச் சுடும், மிதித்தால் உருளவும் செய்யும்.

புதிய மெஷின் வாங்குகிறவர்கள் விஆர்டி வசதி உள்ளதைக் கேளுங்கள். ஆர்க் இல்லாத நேரத்தில் ஹோல்டரின் மின்னழுத்தத்தை அது தானாகக் குறைத்துவிடும்.

10. கசடு தட்டுவது, கிரைண்டிங்

ஹெல்மெட்டைத் தூக்கியதும் சிப்பிங் சுத்தியை எடுப்பார்கள். அந்த நொடி கண் வெறுமையாக இருக்கிறது. கசடு கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து சூட்டோடு பறக்கும். அதற்குத்தான் ஹெல்மெட்டுக்குள் வெள்ளைக் கண்ணாடி. காலையில் போட்டால் சாயங்காலம் வரை கழற்ற வேண்டாம்.

உங்களிடமிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். கிரைண்டரில் கார்டைக் கழற்றாதீர்கள், வீல் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

11. மழை, உயரம், தொட்டி

மழையிலும் ஈரத் தரையிலும் வேலை இல்லை. அவசரம் என்று சொல்பவர் ஹோல்டரைப் பிடிப்பதில்லை.

உயரத்தில் ஷாக்கைவிட விழுவதுதான் கொல்லும். சின்ன சுரீர் போதும், கை தானாக விட்டுவிடும். ஷெட் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ் வேலைக்கு முழு உடல் பெல்ட், அதன் கயிறு பொறி படாத பக்கத்தில் உறுதியான இரும்பில் மாட்டப்பட வேண்டும். ஏணியில் நின்று ஒட்டாதீர்கள், சாரம் கட்டுங்கள்.

தொட்டி, சம்ப், பாய்லர் மாதிரி மூடிய இடத்தில் புகை தேங்கும், சுற்றிலும் இரும்பு தொட்டுக்கொண்டிருக்கும். காற்று உறிஞ்சும் பிளோயர், மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் கண் எடுக்காமல் நிற்கும் ஒரு ஆள், உள்ளே இருப்பவரை இழுக்க இடுப்பில் கட்டிய கயிறு இல்லாமல் இறங்க வேண்டாம். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பதும், அவரும் விழுவதும்தான் வழக்கமாக நடக்கிறது. காற்றைச் சோதிக்கும் கருவி இல்லாத பட்டறைகள் இந்த வேலையை விட்டுவிடலாம்.

12. முடித்த பிறகு

ராடைக் கழற்றி, மெஷினை ஆஃப் செய்து, மெயினை இறக்கி, பிறகு கேபிளைச் சுற்றுங்கள். ஒட்டிய இரும்பு சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டாலும் சூடு நிற்கும். சாக்பீஸால் அதன் மேல் "சூடு" என்று எழுதுங்கள். வீட்டுக்காரர் புதுக் கேட்டைத் தடவிப் பார்க்காமல் போகவே மாட்டார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் இடத்தை விட்டுப் போகாதீர்கள், மிகக் குறைந்தது அரை மணி. அந்த நேரத்தில் கணக்கு எழுதலாம், சாமான் அடுக்கலாம். கீழ்த்தளத்தையும் சுவரின் மறுபக்கத்தையும் ஒரு சுற்று பார்த்து, மோப்பம் பிடியுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிய வேண்டும் என்றால் ஐந்துக்கே ஆர்க்கை நிறுத்த வேண்டும். சைட்டில் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேஸ்திரி சாவியோடு வாசலில் நிற்பார்.

13. ஏதாவது ஆகிவிட்டால்

ஷாக்: ஆளைத் தொடாமல் மெயினை இறக்குங்கள். ஸ்விட்ச் எங்கே என்று எல்லோருக்கும் காலையிலேயே காட்டியிருக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் 108க்கு ஒருவர் அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மயங்கி எழுந்தவரை, நெஞ்சு படபடக்கிறது என்பவரை, பார்க்க நன்றாக இருந்தாலும் இசிஜி எடுக்கக் கூட்டிப்போங்கள்.

தீக்காயம்: குழாய்த் தண்ணீர் 20 நிமிடம். டூத்பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியை உரிக்காதீர்கள்.

ஆர்க் கண்: பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் கழித்து, மணல் கொட்டியது மாதிரி உறுத்தும், தண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. கைவைத்தியம் என்று கண்ணில் விடும் தாய்ப்பாலும் உருளைக்கிழங்குச் சாறும் கிருமியைக் கொண்டுவரும். கண்ணை மூடி, மேலே குளிர்ந்த ஈரத்துணி வைத்து, இருட்டில் படுத்து, காலையில் கண் மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி அடிக்கடி விட்டால் வலி தெரியாது, கருவிழி மட்டும் ஆறாமல் புண்ணாகும். இரண்டு நாளில் சரியாகவில்லை, பார்வை மங்குகிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

கண்ணில் துகள்: கசக்காதீர்கள். துணி நுனியால், காந்தத்தால், ஊசியால் எடுத்துவிடுகிறேன் என்று வருபவரைக் கிட்டே சேர்க்காதீர்கள். இரும்புத் துகள் கருவிழியில் தங்கினால் சுற்றிலும் துரு வளையம் படியும், அதையும் சேர்த்து எடுக்க மருத்துவரால்தான் முடியும். பின்னாளில் எதற்காவது எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொன்னால், வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர் என்பதை உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணில் தெரியாமல் தங்கிய இரும்புத் துகள் அந்தக் காந்தத்தில் அசையும். அதனால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.